கையில் ஒரே ஒரு மாலை: பெர்லினா, டிரெஸ்டனா, மியூனிக்கா, ஹாம்பர்கா?

நண்பர் ஒருவர் வேலை விஷயமாக பெர்லின் போகிறார். வேலை முடிந்ததும் இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். "ஒரு தடவையாவது ஓபரா பார்த்துவிட வேண்டும். ஆனால் பளபள கட்டடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதாது, அந்த இடத்துக்கு ஒரு வரலாறு இருக்க வேண்டும். ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது, எங்கே போகட்டும்?" என்று கேட்டார். உடனே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க மூன்று நாள் ஆகிவிட்டது.

ஓபரா என்பது இசைக்குழு வாசிக்க, பாடியே நடத்தும் மேற்கத்திய இசை நாடகம். அதை நடத்தும் அரங்கையும் ஓபரா என்றே சொல்வார்கள். ஜெர்மனியில் நாடு முழுவதற்கும் பொதுவான தேசிய ஓபரா என்று எதுவும் கிடையாது. 1871 வரை அது ஒரே நாடாகவே இல்லை. அரசர்களும் இளவரசர்களும் ஆளுக்கொரு ஊரில் கொலுவிருந்தார்கள், ஆளுக்கொரு ஓபரா வைத்திருந்தார்கள். 1918-ல் முடியாட்சி ஒழிந்ததும் அரசவை ஓபராக்கள் மாநில அரசின் கைக்கு வந்தன. 'ஸ்டாட்ஸ்ஓப்பர்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது: அரசு ஓபரா, அதாவது மாநிலத்தின் ஓபரா. ஸ்டுட்கார்ட், ஹனோவர் என்று இன்னும் சில ஊர்களிலும் உண்டு. நண்பருக்கு இருப்பது ஒரு மாலை என்பதால் பெரிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்டடத்தின் வயதை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது. நான்குமே இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து அழிந்தவை. பெர்லினும் ஹாம்பர்கும் 1955-ல், மியூனிக் 1963-ல், டிரெஸ்டன் 1985-ல் மறுபடி திறந்தன. இன்று நாம் தலை நிமிர்த்திப் பார்க்கும் தங்கப்பூச்சு எதுவும் நம் தாத்தா காலத்தை விடப் பழையதல்ல. அப்படியானால் எதை ஒப்பிடுவது? எனக்கு உதவிய கேள்வி இது: அந்த அரங்கின் சாவி யார் கையில் இருந்தது? அவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? இன்று இரவு நம் காதில் விழும் இசையில் அதன் தடம் ஏதாவது இருக்கிறதா?

பெர்லினில் ஆரம்பிக்கலாம். சாவி அடிக்கடி கை மாறிய இடம் அதுதான்.

பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக் 1740-ல் பட்டத்துக்கு வந்தார், மறு வருஷமே உன்டர் டென் லிண்டன் சாலையில் ஓபராவுக்கு அஸ்திவாரம் போட்டார். கட்டியவர் க்னோபல்ஸ்டோர்ஃப். வேலை முழுதாக முடியக்கூட ராஜாவுக்குப் பொறுமை இல்லை. 1742 டிசம்பர் 7 அன்று கார்ல் ஹைன்ரிஷ் க்ராவுனின் 'சீசரும் கிளியோபாட்ராவும்' அரைகுறைக் கட்டடத்திலேயே அரங்கேறியது. ஃபிரெடரிக் நன்றாகப் புல்லாங்குழல் வாசிப்பவர். 1755-ல் வந்த 'மோன்டசூமா' ஓபராவுக்குக் கதையை எழுதியதும் அவர்தான். எஜமானரே எழுத்தாளராகவும் இருக்கும் கம்பெனியில் பாடகர்கள் எப்படி மூச்சு விட்டார்களோ தெரியாது.

1843-ல் தீ விபத்து, மறு வருஷமே திறப்பு. அதற்குப் பிறகான எண்பது வருஷத்தை நான் தாண்டிவிடுகிறேன். பெர்லின் ஓபராவின் கதை எனக்கு 1923-ல்தான் சூடு பிடிக்கிறது. அந்த வருஷம் எரிக் க்ளைபர் என்ற 33 வயது இளைஞர் தலைமை நடத்துநராக, அதாவது கையசைத்து இசைக்குழுவை வழிநடத்துபவராக வந்தார். 1925 டிசம்பர் 14 அன்று ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' ஓபராவை அவர் அரங்கேற்றினார். ஒரு ஏழைச் சிப்பாய் நசுக்கப்பட்டுக் கொலைகாரனாகும் கதை, காதுக்குப் பழக்கமே இல்லாத இசை. ராஜாவுக்காகக் கட்டிய அரங்கில் ஒரு சிப்பாயின் துயரம் ஒலித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான ஓபரா அரங்கேற்றங்களில் ஒன்றாக அதை இன்றும் சொல்கிறார்கள்.

பிறகு ஹிட்லர் ஆட்சி. பிரஷ்ய அரசின் அரங்குகள் ஹிட்லரின் வலக்கையான கோரிங்கின் பிடிக்குள் போயின. 1933 மே 10 இரவு, ஓபராவை ஒட்டிய சதுக்கத்தில்தான் மாணவர்கள் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். பெர்க்கின் இசை 'சீர்கெட்டது' என்று ஒதுக்கப்பட்ட நேரத்தில், 1934 நவம்பர் கடைசியில், க்ளைபர் அவருடைய 'லூலு' ஓபராவிலிருந்து சில பகுதிகளை அதே ஊரில் கச்சேரியாக நடத்தினார். சில நாட்களில் பதவியை ராஜினாமா செய்தார், நாட்டை விட்டே போனார். அவர் யூதர் அல்ல. இருந்து பிழைத்திருக்கலாம், இருக்கவில்லை.

1941 ஏப்ரலில் குண்டு விழுந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே அவசர அவசரமாகத் திருப்பிக் கட்டி, 200-வது ஆண்டுக்கு, 1942 டிசம்பரில், ஃபுர்ட்வெங்லர் என்ற நடத்துநர் நடத்த, இசையமைப்பாளர் வாக்னரின் 'மைஸ்டர்சிங்கர்' ஓபராவைப் போட்டுத் திறந்தார்கள். 1945 பிப்ரவரியில் மறுபடியும் தரைமட்டம். போருக்குப் பின் அந்த இடம் கிழக்கு ஜெர்மனிக்குள் வந்தது. புதிய அரசுக்கும் பழைய ராஜாவின் ஓபரா வேண்டியிருந்தது. ரிச்சர்ட் பாலிக் என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் பழைய தோற்றத்திலேயே எழுப்பினார்கள். இசைப் பொறுப்பை ஏற்கத் திரும்பி வர ஒப்புக்கொண்டவர் யார் தெரியுமா? அதே க்ளைபர்!

ஆனால் முகப்பில் ஒரு லத்தீன் வாசகம் இருந்தது: "ஃபிரெடரிக் மன்னன், அப்போலோவுக்கும் கலைத் தேவதைகளுக்கும்." மன்னனின் பெயர் கம்யூனிஸ்ட் அரசுக்கு உறுத்தியது, எடுத்துவிட்டார்கள். மேலே ஒரு கல்வெட்டு வரியை எடுப்பவர்கள் நாளைக்கு உள்ளே என்ன செய்வார்கள் என்பது க்ளைபருக்குப் பழைய அனுபவம். 1955 மார்ச்சில், அரங்கம் திறப்பதற்குச் சில மாதம் முன்பே, மறுபடியும் ராஜினாமா. ஒரே வீட்டை இரண்டு வெவ்வேறு அரசுகளிடமிருந்து இரண்டு முறை விட்டு வெளியேறிய இன்னொரு நடத்துநரை எனக்குத் தெரியாது. அடுத்த ஜனவரியில் அவர் காலமானார். அந்த வாசகம் இப்போது முகப்பில் திரும்ப இருக்கிறது.

1961-ல் பெர்லினைக் கிழக்கு, மேற்கு என்று பிரிக்கும் சுவர் எழுந்தபோது மேற்கு பெர்லினில் குடியிருந்த கலைஞர்கள் பலர் ஒரே நாளில் வேலைக்கு வர முடியாமல் போனார்கள். சுவர் விழுந்த பிறகு, 1992 முதல் 2023 ஜனவரி வரை டேனியல் பேரன்பாய்ம் இசைத் தலைமையில் இருந்தார், 2024-லிருந்து கிறிஸ்டியன் டீலமன். இடையில் 2010 முதல் 2017 வரை பெரிய மராமத்து. 239 மில்லியன் யூரோ என்று சொல்லி ஆரம்பித்த வேலை சுமார் 400 மில்லியனில் முடிந்தது. (காண்ட்ராக்ட் வேலை எந்த ஊரிலும் காண்ட்ராக்ட் வேலைதான்.) அதில் ஒரு நல்ல காரியமும் நடந்தது: கூரையைச் சுமார் 5 மீட்டர் உயர்த்தினார்கள். பாலிக் கட்டிய அரங்கில் ஓசை சீக்கிரம் வறண்டுவிடும். இப்போது ஒலி அடங்க எடுக்கும் நேரம் 1.1 விநாடியிலிருந்து 1.6 விநாடியாகியிருக்கிறது. கேட்க அரை விநாடிதான், காதுக்கு அது வேறு அரங்கம்.

வரலாறு மட்டும் போதும் என்றால் பெர்லினைத் தாண்ட வேறு ஊர் இல்லை. ஆனால் அந்த வரலாற்றில் பெரும்பகுதி அரங்கத்துக்கு வெளியே நிற்கிறது. முகப்பு வாசகம் வெளியே. புத்தகம் எரித்த இடத்தில் தரைக்குக் கீழே கண்ணாடி வழியாகத் தெரியும் வெற்று அலமாரிகள், அதுவும் வெளியே. இதையெல்லாம் பகலில், டிக்கெட் இல்லாமல் பார்த்துவிடலாம். இந்தக் குறிப்பை மனதில் வையுங்கள்.

டிரெஸ்டனில் நிலைமை தலைகீழ். அங்கே வரலாறு இசைக்குழு உட்காரும் பள்ளத்துக்குள் இருக்கிறது.

டிரெஸ்டனிலிருந்து ஆண்ட சாக்சனியின் மோரிட்ஸ் இளவரசர் 1548-ல் தொடங்கிய அரசவை இசைக்குழுதான் இன்றைய டிரெஸ்டன் ஸ்டாட்ஸ்கபெல்லே. ஓபரா என்ற கலை பிறப்பதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே இந்தக் குழு வாசித்துக்கொண்டிருந்தது. பெர்லின் குழுவும் சளைத்ததல்ல, 1570 என்று கணக்கு. ஆனால் டிரெஸ்டன் குழுவுக்காகவே, அதன் ஒலியை மனதில் வைத்தே எழுதப்பட்ட ஓபராக்களின் பட்டியல் வேறு யாரிடமும் இல்லை.

கோட்ஃப்ரீட் செம்பர் கட்டிய முதல் அரங்கம் 1841-ல் திறந்தது. மறு வருஷம் வாக்னரின் 'ரியென்சி', 1843-ல் 'பறக்கும் டச்சுக்காரன்', 1845-ல் 'டான்ஹாய்சர்' மூன்றும் அங்கேதான் அரங்கேறின. வாக்னர் அரசவையில் சம்பளம் வாங்கும் நடத்துநர். 1849 மே மாதக் கிளர்ச்சியில் அந்த அரசவைக்கு எதிராகவே போய் நின்றார். செம்பரும் அப்படித்தான். தடுப்பரண் கட்டுவதிலும் அவர் கட்டடக் கலையைக் காட்டினார். கிளர்ச்சி தோற்றதும் இருவரும் ஊரை விட்டு ஓடினார்கள். 1869-ல் அரங்கம் எரிந்து போனபோது புதிய அரங்கத்துக்கு வரைபடம் போடச் சொல்லி அதே செம்பரையே கேட்டார்கள். அவர் வெளியூரில் இருந்தபடி வரைந்து கொடுக்க, மகன் மான்ஃப்ரெட் கட்டி முடித்தார். 1878-ல் திறப்பு.

அந்த இரண்டாவது அரங்கத்தில்தான் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வருகிறார். அவருடைய ஓபராக்களில் ஒன்பது டிரெஸ்டனில் முதன்முதலாக அரங்கேறின: 1905-ல் 'சலோமி', 1909-ல் 'எலெக்ட்ரா', 1911-ல் 'ரோசன்கவாலியர்'. கடைசியாகச் சொன்னதைப் பார்க்க பெர்லினிலிருந்து தனி ரயில்கள் விட்டார்கள் என்றால் கூட்டத்தை யோசித்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் ஸ்ட்ராஸ் அப்போது வேலை பார்த்து வந்தது பெர்லின் அரசவை ஓபராவோடு! சம்பளம் ஒரு ஊரில், அரங்கேற்றம் இன்னொரு ஊரில்.

இங்கும் சாவி கெட்ட கைக்குப் போனது. 1933 மார்ச் 7 அன்று தலைமை நடத்துநர் ஃப்ரிட்ஸ் புஷ் 'ரிகொலெட்டோ' நடத்த மேடையேறியபோது, அரங்கத்தை நிறைத்திருந்த நாஜிப் படையினர் கூச்சல் போட்டே அவரை இறக்கிவிட்டார்கள். அதே ஜூலையில் ஸ்ட்ராஸின் 'அரபெல்லா' புஷ் இல்லாமலே அரங்கேறியது. அது அவருக்குக் காணிக்கையாக்கப்பட்ட ஓபரா. 1935-ல் 'மௌனப் பெண்' வந்தபோது வசனம் எழுதிய ஸ்டெஃபான் ஸ்வைக் யூதர் என்பதால் விளம்பரத் தாளிலிருந்து அவர் பெயரை எடுத்திருந்தார்கள். ஸ்ட்ராஸ் பிடிவாதம் பிடித்துப் பெயரைத் திரும்பச் சேர்க்க வைத்தார். சில காட்சிகளிலேயே ஓபரா தடை செய்யப்பட்டது. ஸ்ட்ராஸ் ஸ்வைக்குக்கு எழுதிய கடிதம் போலீஸ் கையில் சிக்கி, அரசு கொடுத்திருந்த இசைத் தலைமைப் பதவியும் போனது. அந்தப் பதவியை முதலில் ஏற்றுக்கொண்டதும் அவர்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். க்ளைபரோடு ஒப்பிட்டால் ஸ்ட்ராஸ் எனக்குக் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறார், இசையில் அல்ல.

1945 பிப்ரவரி 13 இரவு டிரெஸ்டன் எரிந்தது, ஓபராவும் எரிந்தது. சரியாக நாற்பது வருஷம் கழித்து, 1985 பிப்ரவரி 13 அன்று அரங்கம் மறுபடி திறந்தது. போட்டது வேபரின் 'டெர் ஃப்ரைஷ்யூட்ஸ்'. 1944 ஆகஸ்ட் 31 அன்று அரங்கை மூடுமுன் கடைசியாக நடந்ததும் அதுதான். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். வேபரும் டிரெஸ்டன் அரசவையில் வேலை பார்த்தவர்தான்.

உள்ளே போனால் மேடைக்கு மேலே உள்ள கடிகாரத்தைப் பாருங்கள். முள் கிடையாது. மணி ரோமன் எழுத்தில், நிமிடம் எண்ணில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மாறும். முதல் அரங்கத்தில் இருந்ததன் மாதிரி அது. சலிப்பான காட்சியில் அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது தெரிந்துவிடும்.

மியூனிக்குக்கு வருவோம். 1653-ல் சவோய் இளவரசி ஹென்றியெட் அடிலெய்ட் கல்யாணமாகி பவேரியாவுக்கு வந்த கையோடு இத்தாலிய ஓபராவையும் கொண்டுவந்தார் என்று இந்த ஓபரா தன் வயதைக் கணக்கிடுகிறது. 1781-ல் மொசார்ட்டின் 'இடோமெனியோ' இங்கேதான் முதலில் நடந்தது, சின்னதான அரண்மனை அரங்கத்தில். இன்றைய பெரிய அரங்கம் 1818-ல் திறந்து, 1823 ஜனவரியில் எரிந்தது. கடுங்குளிரில் தண்ணீர் உறைந்துபோகவே பக்கத்து ஆலையிலிருந்து பீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. மியூனிக்காரர்கள் அதைச் சொல்லும்போது நெருப்பை விட பீருக்காகவே வருத்தப்படுவார்கள் போலிருக்கிறது.

இங்கே சாவியை வைத்திருந்தவர் ஒரு ரசிகர். இரண்டாம் லுட்விக் 18 வயதில் பவேரியாவின் மன்னரானதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்து திரிந்த வாக்னரைத் தேடிப்பிடித்து அழைத்து வந்தது. விளைவு: 1865-ல் 'டிரிஸ்டனும் இசோல்டேயும்', 1868-ல் 'மைஸ்டர்சிங்கர்'. ரசிகர் கையில் அதிகாரம் இருந்தால் வேறு தொல்லை. 'நிபெலுங்கன் மோதிரம்' என்ற தொடர் ஓபராவின் நான்கு பாகமும் முடிந்த பிறகே மேடையேற்ற வேண்டும் என்று வாக்னர் கெஞ்சியும் கேட்காமல், 'ரைன் பொன்' பாகத்தை 1869-லும் 'வால்கிரி' பாகத்தை 1870-லும் மன்னர் போட வைத்துவிட்டார். வாக்னர் தனக்கென்று பெய்ராய்த்தில் ஓர் அரங்கம் கட்டிக்கொண்டதில் இந்த ஆத்திரத்துக்கும் பங்கு உண்டு. 'டிரிஸ்டன்' இந்த ஊரில் இரண்டு நடத்துநர்களைப் பலி வாங்கியிருக்கிறது: 1911-ல் ஃபெலிக்ஸ் மோட்டல், 1968-ல் யோசஃப் கைல்பெர்த், இருவரும் அதை நடத்திக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தவர்கள்.

1943-ல் அழிந்த அரங்கத்தை நவீனமாகக் கட்டலாம் என்ற பேச்சு வந்தபோது, பழையபடிதான் வேண்டும் என்று ஊர்க்காரர்களே சங்கம் அமைத்து, லாட்டரிக் குலுக்கல் வரை நடத்திப் பணம் சேர்த்தார்கள். சாவியில் ஒரு பங்கு மக்களுக்கும் வந்தது அப்போதுதான். இன்றும் கோடை விழாவில் ஒரு காட்சியை வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் இலவசமாகக் காட்டுகிறார்கள். எரிக் க்ளைபரின் மகன் கார்லோஸ், யாருக்கும் எளிதில் பிடி கொடுக்காத அந்த மேதை, நீண்ட காலம் விரும்பி வந்து நடத்திய அரங்கம் இது. பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா 1998 முதல் 2006 வரை இசைத் தலைமையில் இருந்ததும் இங்கேதான். சுமார் 2,100 பேர் கொள்ளும் அரங்கம், நின்று பார்க்கும் டிக்கெட்டும் உண்டு, தரத்தில் இன்று இதுதான் முதலிடம் என்பார் பலர். எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பெர்லினிலிருந்து வேகமான ரயிலிலேயே நாலு மணி நேரம். மற்ற ஓபராக்கள் எல்லாம் மூடிக் கிடக்கும் ஜூலை கடைசியில் போகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மியூனிக் என்பேன், ஏனென்றால் கோடை விழா அப்போதுதான் நடக்கும். நண்பர் போவது அக்டோபரில்.

ஹாம்பர்கில் ராஜாவே கிடையாது. வியாபாரிகளின் சுதந்திர நகரம் அது. 1678-ல் ஊர்ப் பெரியவர்களே சேர்ந்து கூஸ் சந்தையில் கட்டிய ஓபராதான் ஜெர்மனியில் பொதுமக்கள் காசு கொடுத்து உள்ளே போகக்கூடிய முதல் அரங்கம். 18 வயது ஹாண்டல் இங்கே வயலின்காரராக வந்து சேர்ந்தார். 1704 டிசம்பரில், ஒரு காட்சியின் நடுவே ஹார்ப்சிகார்டில் (பியானோவுக்கு முந்தைய வாத்தியம்) யார் உட்காருவது என்று நண்பர் மத்தேசனோடு தகராறு முற்றி, வெளியே வந்து வாள் சண்டையே போட்டார்கள். மத்தேசனின் வாள் ஹாண்டலின் கோட்டு பட்டனில் பட்டு முறிந்தது. ஒரு மாதத்துக்குள் சமாதானமாகி, ஹாண்டலின் முதல் ஓபரா 'அல்மீரா'வில் மத்தேசனே பாடினார். அந்தப் பட்டனுக்கு ஒரு சிலை வைக்கலாம்.

1943 குண்டுவீச்சில் பார்வையாளர் பகுதி அழிந்தது, மேடைக்கு முன்னால் இறங்கும் தீத்தடுப்பு இரும்புத் திரை காப்பாற்றியதால் மேடை தப்பியது. போர் முடிந்ததும் அந்த மேடைக்குள்ளேயே நாற்காலி போட்டு மக்கள் உட்கார்ந்து ஓபரா பார்த்தார்கள். 1955-ல் கட்டிய புதிய அரங்கத்தில் பழைய அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பால்கனிகள் பாதி இழுத்துவிட்ட மேஜை டிராயர்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். 1959 முதல் 1973 வரை இயக்குநராக இருந்த ரோல்ஃப் லீபர்மன் இருபதுக்கும் மேற்பட்ட புதிய ஓபராக்களை எழுத வைத்து மேடையேற்றினார். பழசைப் பாதுகாப்பதை விடப் புதுசுக்குக் காசு போடுவதுதான் இந்த ஊரின் மரபு. நான்கில் எனக்கு மனதளவில் மிகவும் பிடித்தது ஹாம்பர்க் என்று சொன்னால் நண்பர் நம்பவில்லை. ஆனால் முதல் தடவை ஓபரா பார்ப்பவரை அங்கே அனுப்பத் தயக்கமாக இருக்கிறது. புதுசை ரசிக்கக் கொஞ்சம் பழசு தெரிந்திருக்க வேண்டும்.

சரி, முடிவு. பெர்லின் வரலாற்றைப் பகலில் நடந்தே பார்த்துவிடலாம் என்று சொன்னேன் அல்லவா? அதைச் செய்துவிட்டு, மறுநாள் டிரெஸ்டனுக்கு ரயில் ஏறச் சொன்னேன், சுமார் இரண்டு மணி நேரம். ஒரே நிபந்தனை: அன்று ஸ்ட்ராஸ், வாக்னர், வேபர் இவர்களில் ஒருவருடைய ஓபரா இருக்க வேண்டும். டிரெஸ்டனில் போய் இத்தாலியரான வெர்டியின் ஓபராவைக் கேட்பது தப்பில்லை, ஆனால் அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அன்று பெர்லினிலேயே 'வோட்செக்' இருந்தால் இந்த யோசனை முழுவதும் ரத்து, லிண்டன் அரங்கத்திலேயே உட்கார்ந்துவிடலாம். ஜெர்மன் ஓபராக்களில் தினம் ஒரு நிகழ்ச்சி மாறும் என்பதால் தேதியைப் பார்க்காமல் ரயில் டிக்கெட் எடுக்கக் கூடாது.

நண்பர் பார்த்துவிட்டுச் சொன்னார்: அவர் லீவில் இரண்டாவது நாள் டிரெஸ்டனில் 'சலோமி'. இடைவேளை இல்லாமல் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். இரவே பெர்லின் திரும்ப வேண்டாம், ரூம் போட்டுவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன்.